பொங்கி வழிந்த நன்னாரி சர்பத்

சித்திரை வெயிலில் விற்றுவிடலாம் என்று 40 பாட்டில் நன்னாரி சர்பத் காய்ச்சினேன். பத்தாம் நாள் ஒரு வாடிக்கையாளர் அழைத்தார்: "மூடியைத் திறந்தேன் தம்பி, சோடா போலப் பொங்கிவிட்டது. சட்டையெல்லாம் சர்பத்." மீதியைத் திறந்து முகர்ந்தேன், கள் வாடை. அத்தனையும் சாக்கடைக்குப் போனது.

முதலில் வேரைத்தான் சந்தேகப்பட்டேன். நடுத்தண்டை நீக்கி, பட்டையை மட்டும் இடித்து இரவு முழுக்க ஊறவைத்திருந்தேன், அதில் பழுதில்லை. பழுது என் கஞ்சத்தனத்தில். ஒரு கிலோ வடிநீருக்கு ஒரு கிலோ சர்க்கரைதான் போட்டிருந்தேன். பாகு நீர்த்திருந்தால், புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டுக்கு விருந்து. போதாததற்குப் பாட்டில்களை ஈரத்தோடே நிரப்பியிருந்தேன்.

அடுத்த முறை எல்லாமே தராசில்: வடிநீர் 1 கிலோ, சர்க்கரை 2 கிலோ. பாகில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்று காட்டும் பிரிக்ஸ் மீட்டர் வாங்கினேன். ஆறிய சொட்டு 65 காட்டாமல் அடுப்பை அணைப்பதில்லை. பாகு கற்கண்டாக உறையாமலிருக்கக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. பாட்டில்களைக் கொதிநீரில் போட்டெடுத்து, கவிழ்த்து உலர்த்தி, பாகு 85 டிகிரிக்குக் குறையுமுன் நிரப்பி மூடி, சில நிமிடம் தலைகீழாக வைத்தேன். பாட்டிலும் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் விரிசல் விடும். இரண்டு அப்படித்தான் போயின.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவும் அப்போதுதான் எடுத்தேன். 14 இலக்க எண்ணையும் தயாரித்த தேதியையும் லேபிளில் அச்சடித்தேன்.

சட்டை நனைந்தவருக்கு இரண்டு பாட்டில் இலவசமாகக் கொடுத்தேன். கையை நன்றாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திறந்தார்.