எஃப்.டி. என்று சொல்லி விற்ற பாலிசி

அப்பா எஃப்.டி. போடத்தான் வங்கிக்குப் போனார். அவர் தலையில் கட்டியது பத்து வருடம் பிரீமியம் கட்டவேண்டிய ஆயுள் காப்பீடு. அடுத்த பிரீமியம் கேட்டு மெசேஜ் வந்தபோதுதான் தெரிந்தது. பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் 30 நாள் அவகாசம் எப்போதோ முடிந்திருந்தது.

விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். பென்ஷன் வாங்கும் மனிதருக்குத் தொழில் 'வியாபாரம்', வருமானம் 12 லட்சம்! கீழே அப்பாவின் நடுங்கிய கையெழுத்து. வயிறு எரிந்தது.

நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன், மறுத்தார்கள். 'நாங்கள் மீட்டுத் தருகிறோம், 25 சதவீதம் கமிஷன்' என்று யாரோ போனில் கூப்பிட்டார்கள். வேண்டவே வேண்டாம். காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் மனு போடக் கட்டணமே கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். விசாரணையில் அந்தப் படிவத்தையும் பென்ஷன் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கட்டிய பிரீமியம் முழுவதும் அப்பா கணக்குக்குத் திரும்பி வந்தது.