மெய்நிகர் டேப்பிலிருந்து கார்ட்ரிட்ஜுக்கு: எங்கே சிக்கும்?

ஐபிஎம் டிஎஸ்7700 என்பது மெயின்ஃப்ரேம் கணினிக்குத் தன்னை டேப் போலக் காட்டும் சேமிப்புப் பெட்டி. அதன் டேப் இணைத்த வகையில் ஜாப் (கணினியில் ஓடும் வேலை) எழுதுவது டிஸ்க் கேஷுக்குத்தான், அதாவது பெட்டிக்குள் இருக்கும் தற்காலிக டிஸ்க் இடத்துக்கு. வால்யூம் (ஜாப் எழுதும் மெய்நிகர் டேப்) மூடப்பட்ட பின்னரே பின்னணியில் கார்ட்ரிட்ஜுக்கு நகல் போகும். நகல் முடிந்ததைத்தான் கேஷிலிருந்து அகற்றலாம். எனவே மாத முடிவு பேட்ச்சில் (மொத்தமாக ஓடும் ஜாப்களில்) நகலெடுப்பு பின்தங்கினால், பெட்டி தானே எழுதும் வேகத்தைக் குறைத்துவிடும். ஜாப் மீது பழி போடுமுன் டிரைவ்கள் எத்தனை வேலை செய்கின்றன என்று பாருங்கள்.

மீட்பு வேறு கதை. ஒரே ஒரு ரெக்கார்டு வேண்டுமென்றாலும் முழு வால்யூமும் கேஷுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே அடிக்கடி படிக்கும் தரவுக்கு 6,000 எம்பி வால்யூம் வேண்டாம், 800 போதும். திரும்பப் படிக்கவே மாட்டாத காப்பு நகல்களை பிஜி0 என்ற கேஷ் முன்னுரிமைக் குழுவில் போடுங்கள், அவை கேஷிலிருந்து முதலில் வெளியேறும். அன்றாடத் தரவுக்கு பிஜி1. வால்யூம் எங்கே இருக்கிறது என்பதை லைப்ரரி ரிக்வெஸ்ட் கட்டளையில் எல்வால் (LVOL) என்ற சொல்லைக் கொடுத்தால் தெரியும்.

பயனுள்ள தரவு ஒரு வரம்புக்குக் (இயல்பாக 35%) கீழே போன கார்ட்ரிட்ஜை ரீக்ளைம் என்ற வேலை, மிஞ்சிய தரவை வேறொன்றுக்கு நகர்த்தி, காலி செய்யும். அதற்கு இரண்டு டிரைவ் பிடிக்கும்; பேட்ச் நேரத்தில் தடுத்துவையுங்கள். ஸ்கிராட்ச் வகைக்கு (தரவு இனி வேண்டாமென்று விடுவித்த வால்யூம்களுக்கு) காலாவதி நேரம் வைக்காவிட்டால் செத்த தரவும் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும்.

திருகோணமலையில் கடற்காற்றும் மாரி ஈரமும் தனித் தொல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த கார்ட்ரிட்ஜை உடனே டிரைவில் போடாதீர்கள். குளிரூட்டிய அறையில் 24 மணிநேரம் வையுங்கள்.