ராத்திரிச் சாப்பாட்டில் பிள்ளைகளைப் பேச வைக்க

"இன்னைக்கு ஸ்கூல் எப்படி?" என்று கேட்காதீர்கள். "நல்லாருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். பர்மாவில், யாங்கோனில் (பழைய ரங்கூன்) எங்கள் வீட்டில் நாலு வருஷம் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் வேலை, எல்லாரும் ஒன்றாக உட்காருவது. பர்மாக்காரர் வழக்கம் ஒன்று எங்களுக்குக் கைகொடுத்தது: குழம்பில் முதல் கரண்டி வீட்டில் மூத்தவர் தட்டுக்கு. என் மகள் அப்பத்தாவுக்குப் போடும்வரை யாரும் சோற்றில் கைவைப்பதில்லை. போன்கள் எல்லாம் கூடைக்குப் போகும், அப்பாவுடையதும்தான்.

பிறகு தட்டில் இருப்பதைப் பற்றிக் கேளுங்கள். ஒருநாள் புளிச்சகீரைக் குழம்பு. "அத்தை, சின்ன வயசுல இந்தக் கீரையை எங்கே வாங்குவீங்க?" என்று என் மாமியாரைக் கேட்டேன், பிள்ளைகளுக்கு அவர்தான் அப்பத்தா. "எதுக்கு வாங்கணும்? பக்கத்து வீட்டுப் பாத்தியிலேயே கிடக்கும்" என்று தொடங்கியவர் 1964-க்குப் போய்விட்டார். அந்த வருஷம்தான் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அத்தைக்கு அப்போது 12 வயசு. அவர் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்தபடி சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாராம். பக்கத்து வீட்டுச் சிநேகிதி மெட்ராஸுக்குக் கப்பலேறும்முன், "என் கீரைக்குத் தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அடுத்து என்ன கேட்கலாம் என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகன் பர்மியத்தில் கேட்டான்: "நீங்க ஊத்துனீங்களா?" பிள்ளை கேட்க வேண்டியதை நாம் முந்திக்கொண்டு கேட்கக் கூடாது.

"தமிழில் கேள்" என்று அதட்டவும் கூடாது. அவன் பர்மியத்தில் கேட்கட்டும், அப்பத்தா தமிழில் சொல்லட்டும். "பாத்தின்னா என்ன அப்பத்தா?" என்று அன்றைக்கு அவனேதான் தமிழில் கேட்டான்.

மார்க், கடன், திட்டு எதுவும் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். பெரியவர்களும் தங்கள் நாளைச் சொல்ல வேண்டும். என் கணவர் வேலையில் செய்த தப்பைச் சொன்ன அன்று மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் எழ விடாதீர்கள். நாங்கள் லப்பெட் தட்டை நடுவில் வைப்போம்: ஊறிய தேயிலை, வறுத்த பயறு, வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு. கிள்ளிக் கிள்ளித் தின்ன நேரமாகும். கரண்ட் போய்விட்டால் சார்ஜ் விளக்கு ஒன்று போதும். வகுப்பில் ஒருத்தி பத்து நாளாகத் தன்னோடு பேசுவதில்லை என்று மகள் சொன்னது, தட்டில் கடலையெல்லாம் தீர்ந்த பிறகுதான்.