பெயர்ப் பலகைக் கடையில் சரக்கு எங்கே வீணாகிறது?

கோலாலம்பூரில் செந்தூல், செகாம்புட், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று ஆட்களோடு நடக்கும் பெயர்ப் பலகைக் கடைகளின் பின்பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சுவரோரம் அக்ரிலிக் துண்டுகள், மேசைக்கடியில் ஸ்டிக்கரின் பின்தாள், மூலையில் யாரும் எடுத்துப் போகாத பேனர்கள். கேட்டால், "பசங்க பார்த்து வெட்டுறதில்ல" என்பார் முதலாளி. கத்தி பிடித்தவன் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் சரக்கின் பெரும்பகுதி அவன் கைக்கு வருவதற்கு முன்பே, கணினியிலும் வாட்சப்பிலும் வீணாகிவிடுகிறது. தவறுகளையும் அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதல் தவறு, வாய்வார்த்தையை நம்பி அடிப்பது. "அண்ணே, அவசரம், அப்படியே அடிச்சிடுங்க" என்று ஒரு குரல் பதிவு வரும். கோயில் செயலாளர் சரி சொல்லியிருப்பார். பேனர் ஏறிய பிறகு தலைவர் வந்து, உபயகாரர் பெயர் விட்டுப்போச்சு என்பார். யார் ஒருவருடைய சம்மதம் கடைசிச் சம்மதம் என்பதை வேலை எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அவரிடமிருந்து அளவு, எழுத்து, நிறம் மூன்றுக்கும் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நிறத்துக்கு மட்டும் படம் போதாது. கைபேசித் திரையில் ஒளியாகத் தெரியும் ஆரஞ்சு, மையில் மங்கித்தான் விழும். முழு வேலையை ஓட்டுவதற்கு முன், அதே வினைலில் (அச்சடிக்கும் பிளாஸ்டிக் தாள்) உள்ளங்கை அளவு அடித்துக் காட்டுங்கள்.

அடுத்தது பணம் அதிகம் போகும் இடம்: அனுமதிக்கு முன்பே பலகையைச் செய்வது. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் விளம்பரங்களுக்கு 1982-ஆம் ஆண்டின் துணைச் சட்டங்கள் இருக்கின்றன. பலகையில் தேசிய மொழியான மலாய் இருக்க வேண்டும். மற்ற மொழிகளைவிட எடுப்பாகவும் தெரிய வேண்டும். வாசகத்தை மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்த்த பிறகே டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) உரிமத்துக்குப் போக முடியும். கடைத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதற்காக முப்பரிமாண எழுத்துகளை வெட்டி, எல்இடி வைத்து, பெட்டியும் அடித்துவிட்டால், மலாய் வாசகத்தில் ஒரு சொல் திருத்தம் வந்தாலே முகப்பு முழுக்கப் போய்விடும். தமிழ் எழுத்து பெரிதாகிவிட்டதென்று திரும்பி வந்தால் அதைவிட மோசம். விழாவுக்கு ஒரு பேனர் போதும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். உரிமம் வந்ததும் பலகை ஏறட்டும்.

தமிழ் வேலை செய்யும் கடைகளுக்கென்றே ஒரு சேதம் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை வேறு கணினியில் திறந்தால் எழுத்து முழுக்கக் குறிகளாகிவிடும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆபத்தானது, 'கொ' எழுத்தின் கொம்பு பின்னால் போய் நிற்பதும் புள்ளி மட்டும் காணாமல் போவதும்தான். தமிழ் வாசிக்கத் தெரியாத தம்பி அச்சு இயந்திரத்தில் இருந்தால், பன்னிரண்டு அடி பேனர் முழுக்க ஓடி முடியும்வரை யாருக்கும் தெரியாது. எழுத்தை வளைகோடாக, அதாவது எழுத்துரு இல்லாமலே திறக்கும் வடிவமாக மாற்றுங்கள். மாற்றிய பிறகு வருவதைப் படமாக எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். மேலோட்டமாகப் பார்த்தால் கண் தானாகத் திருத்தி வாசித்துவிடும்.

வெட்டு ஸ்டிக்கரிலும் புள்ளிதான் வம்பு. தேவையில்லாத வினைலை உரிக்கும்போது, சின்ன எழுத்தின் புள்ளி அதோடு சேர்ந்து வந்துவிடும். ஒவ்வொன்றாகத் தேடி ஒட்டுவதற்குள் பொறுமை போய், முழுத் துண்டையும் கசக்கி எறிகிறார்கள். கத்தி மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். எழுத்து ரொம்பச் சிறிது என்றால் வெட்டும் யோசனையையே விட்டு, அச்சிட்டு ஒட்டுவது மேல்.

சரி, இப்போது பலகைக்கு வருவோம். அக்ரிலிக், பிவிசி பிளாஸ்டிக், ஏசிபி (இரண்டு அலுமினியத் தகடுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை) எல்லாம் பொதுவாக 4க்கு 8 அடித் தாளாக வரும். ஒருவர் 28 அங்குல நீளம், 18 அங்குல அகலத்தில் 16 அறிவிப்புப் பலகை கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே திசையில், நீளத்துக்கு மூன்று, அகலத்துக்கு இரண்டு என்று அடுக்கினால் தாளுக்கு ஆறுதான். மூன்று தாள் வேண்டும். ஐந்தைக் குறுக்கே திருப்பி நிறுத்தி, ஒதுங்கும் 20 அங்குலப் பட்டையில் மூன்றை நீளவாக்கில் படுக்க வைத்தால் எட்டு கிடைக்கும். பலகை வெட்டும் ரூட்டர் இயந்திரத்தின் கத்தி தின்னும் இடைவெளிக்கும் இடம் மிஞ்சும். இரண்டு தாளில் வேலை முடிந்தது. மென்பொருளே அடுக்கித் தரும். ஆனால் துண்டைத் திருப்பலாம் என்ற அனுமதியை அதில் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: உலோகப் பளபளப்புள்ள ஏசிபியைத் திருப்பக் கூடாது. பாதுகாப்புத் தாளில் அம்புக்குறி அதற்குத்தான் இருக்கிறது. திசை மாறினால், மாட்டிய பிறகு பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் இரண்டு நிறமாகத் தெரியும்.

விலை சொல்லும்போதே இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும். வாடிக்கையாளர் 5 அடி 2 அங்குல உயரம் கேட்கிறார், உங்களிடம் 5 அடி ரோல் இருக்கிறது என்றால், இரண்டு அங்குலத்துக்காக அடுத்த அகல ரோலை எடுத்து மீதியை வெட்டி எறிவார்கள். "நாலடி பத்து அங்குலமாக வைத்தால் ஓரம் மடிக்கவும் இடம் இருக்கும், விலையும் குறையும்" என்று சொன்னால் பெரும்பாலானோர் சரி என்பார்கள். அவருக்கு அந்த அளவு கண்டிப்பாக வேண்டும் என்றால் ஒதுங்கும் துண்டுக்கும் சேர்த்து விலை போடுங்கள். சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்று மட்டும் கணக்குப் போடும் கடை, அந்தத் துண்டைத் தன் லாபத்திலிருந்து வாங்குகிறது.

மிஞ்சிய துண்டுகளில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. சிலர் எல்லாவற்றையும் எறிகிறார்கள். அதிகம் பேர் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். இதுதான் மோசம் என்பேன். தடிமன், நிறம், வகை எழுதாத துண்டை யாரும் தேடி எடுக்கப்போவதில்லை, புதுத் தாளைத்தான் வெட்டுவார்கள். வார்ப்பு அக்ரிலிக்கும் அழுத்திப் பிழிந்த அக்ரிலிக்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். லேசரில் செதுக்கினால் முன்னது வெண்மையாகப் படியும், பின்னது உருகி இழுபடும். இதைவிடக் கவனிக்க வேண்டியது, பெயர் எழுதாத பிவிசி துண்டு அக்ரிலிக் என்று நினைத்து லேசரில் ஏறுவது. பிவிசியைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். மூச்சுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும். ஆகவே வெட்டிய உடனே மார்க்கரால் எழுதுங்கள். ஏ4 தாளைவிடச் சிறியதை வைத்துக்கொள்ளாதீர்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: முப்பரிமாணத் தமிழ் எழுத்து செய்யும் கடைக்கு அதே நிறத்தில் கூடுதலாகச் சில புள்ளிகள் வெட்டி வைத்தால், பொருத்தும்போது ஒன்று தொலைந்தாலும் ஓட வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதம் சத்தமில்லாமல் சரக்கைக் கெடுக்கும். ஈரம் ஏறிய பின்தாள் வளைந்து, அச்சுத் தலையில் உரசும். ரோலை உறையோடு வையுங்கள், வாங்கிய தேதியை எழுதி, பழையதை முதலில் எடுங்கள். தரையில் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அமுங்கிய கோடு விழும். இயந்திரத்தை நீண்ட விடுமுறைக்கு முழுக்க அணைத்துவிட்டுப் போவதும் சிக்கனம் ஆகாது. தலை காய்ந்தால் அதைத் திறக்கச் செலவாகும் மை, மின் கட்டணத்தைவிட அதிகம்.

கடைசியாக, எறிவதிலும் முறை உண்டு. மிஞ்சிய மையையும் தின்னரையும் வடிகாலில் ஊற்றக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஒழுங்குமுறையில் இவை அட்டவணைக் கழிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு: மைக்கு எஸ்டபிள்யூ 417, தின்னர் போன்ற கரைப்பான்களுக்கு எஸ்டபிள்யூ 322. இவற்றால் நனைந்த துணி எஸ்டபிள்யூ 410, பழுதான எல்இடி மின்வழங்கி எஸ்டபிள்யூ 110. மூடியுள்ள கலனில் பெயர் ஒட்டி வைத்து, 180 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். சிறிய கடைக்கு அளவு கொஞ்சம்தான், எடுக்க வருபவர் யோசிப்பார். பக்கத்துக் கடைகள் ஒரே நாளில் அழைத்தால் பேசுவது சுலபம். ஒவ்வொரு கடையும் தன் கலனைத் தன் இடத்திலேயே வைத்திருக்கட்டும்.

அலுமினியச் சட்டத்தைப் பழைய சாமான்காரர் நல்ல விலைக்கு எடுப்பார். அதோடு ஏசிபியைக் கலந்தால் விலை இறங்கும், நடுவில் பிளாஸ்டிக் இருப்பது அவருக்குத் தெரியும். ஸ்டிக்கரின் பின்தாள் சிலிக்கோன் பூசியது, அதைப் பழைய தாளோடு சேர்க்க வேண்டாம். ஃபிளெக்ஸ் பேனர் பிவிசி என்பதால் மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் குறைவு; திறந்தவெளியில் எரிப்பதோ சட்டப்படி குற்றம். அதனால் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு அடிக்கும்போதே ஆண்டையும் உபயகாரர் பெயரையும் தனித் துண்டாகச் செய்து ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும்.