தொலைநோக்கி ஆடிக்குக் கண்ணாடி வட்டு வீட்டிலேயே செய்வது எப்படி?

6 அங்குல ஆடிக்கு 25 மி.மீ. கனம் இருந்தால், குழிவாகத் தேய்க்கும்போது கண்ணாடி வளையாது. அந்தக் கனம் கடைகளில் லேசில் கிடைக்காது. 12 மி.மீ. கிடைக்கும். அதனால் 12 மி.மீ. வட்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மின்சூளையில் ஒன்றாக்கப் போகிறோம். உருக்க அரை மணி நேரம் போதும். ஆற ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். உங்கள் பொறுமை முழுவதும் அங்கேதான் தேவை.

முதலில் கண்ணாடி. சாதாரண ஃப்ளோட் கிளாஸில் (ஜன்னலுக்குப் போடும் கண்ணாடி) 150 மி.மீ. விட்டமுள்ள இரண்டு வட்டங்களை ஒரே ஷீட்டிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். வேறு வேறு கண்ணாடி சூட்டில் விரியும் அளவு ஒத்துப்போகாவிட்டால், ஆறும்போது விரிசல் விடும். டஃபன்ட் கிளாஸ் (உறுதியூட்டிய கண்ணாடி) ஆகவே ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, அதன்பிறகு விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள்.

அடுத்து அச்சு. சூளைத் தட்டில் செராமிக் ஃபைபர் பேப்பர் (சூடு தாங்கும் தாள்), அதன்மேல் 156 மி.மீ. உள்விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம். உட்சுவரிலும் 3 மி.மீ. ஃபைபர் பேப்பர் கட்டாயம். ஆறும்போது ஸ்டீல் கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். இடையில் பேப்பர் இல்லாவிட்டால் வட்டை நெரித்துவிடும். பேப்பரை வெட்டும்போது மாஸ்க் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இனி சூடு. மணிக்கு 50 டிகிரி வீதம் 550 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுங்கள். 650-இல் ஒரு மணி நேரம் நிறுத்தினால் நடுவில் சிக்கிய காற்று வெளியேறும். அங்கிருந்து முடிந்த வேகத்தில் 810-க்கு ஏற்றி, அரை மணி நேரம் வையுங்கள். 700-க்கும் 800-க்கும் இடையில் தாமதித்தால் மேற்பரப்பு பால் போல வெளுத்துப்போகும்.

பிறகு 550-க்கு இறங்கவிட்டு, 4 மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். 450 வரை மணிக்கு 10 டிகிரி, 350 வரை மணிக்கு 20 டிகிரி, அதன்பின் சூளையை அணைத்துவிடலாம். வெளிப்புறம் முந்தி இறுகினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். அப்படிப்பட்ட வட்டு தேய்க்கத் தேய்க்க வடிவம் மாறும். 1934-இல் வார்த்த பாலோமர் தொலைநோக்கியின் 200 அங்குல வட்டைச் சுமார் பத்து மாதம் ஆறவைத்தார்கள் என்றால் காரணம் இதுதான்.

என் இரண்டாவது வட்டுக்கு 180 டிகிரியிலேயே மூடியை நான்கு விரற்கடை தூக்கிப் பார்த்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து நடுவரை முடி போல ஒரு கோடு. இப்போதெல்லாம் மீட்டர் 40-க்குக் கீழே வராமல் மூடியைத் தொடுவதில்லை.

வெளியே எடுத்ததும், உள்ளே இறுக்கம் தங்கியிருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். லேப்டாப்பில் வெள்ளைத் திரை, கண்ணில் போலராய்டு கண்ணாடி. திரை கறுக்கும்வரை தலையைச் சாய்த்து, இடையில் வட்டைப் பிடியுங்கள். வட்டு முழுவதும் கறுப்பாகவே தெரிந்தால் நல்லது. வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால் மறுபடி 550-க்கு ஏற்றி, இன்னும் மெதுவாக இறக்குங்கள்.

ஒட்டிய இடத்தில் ஓரிரு குமிழ்கள் தெரியலாம். கவலை வேண்டாம். அவை 12 மி.மீ. ஆழத்தில் இருக்கின்றன, எஃப்/8 ஆடிக்கு (குவியத்தூரம் விட்டத்தைப்போல் 8 மடங்கு) நீங்கள் குழிக்கப்போவது நடுவில் 1.2 மி.மீ. மட்டுமே.