உறைபனியில் மான் வேட்டை: முதல் முறை போகிறவருக்கு

டிசம்பர் முதல் வாரம், அமெரிக்காவின் வட மினசோட்டா. விடியுமுன் வெப்பமானி மைனஸ் 18 டிகிரி காட்டுகிறது. இந்த நேரத்தில் போர்வையை உதறிவிட்டுக் காட்டுக்குப் புறப்படுகிறவனுக்குப் புத்தி கொஞ்சம் கோணல் என்று என் மனைவி சொல்வாள். நான் மறுப்பதில்லை. ஆனால் நவம்பரில் வேட்டைக்காலம் தொடங்கும் நாளன்று பக்கத்துக்குப் பக்கம் ஆரஞ்சுச் சட்டை தெரிந்த அதே காடு இப்போது காலியாகக் கிடக்கிறது. இலை உதிர்ந்துவிட்டதால் தூரம் வரை பார்வை போகிறது. பனியில் தடங்கள் அச்சடித்ததுபோல் தெரிகின்றன. மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. அந்த உட்காருவதில்தான் எல்லாரும் தோற்கிறோம். அதனால் இந்த விளக்கத்தில் சுடுவதைப் பற்றிக் குறைவாகவும், உட்காருவதைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

நான் எழுதுவது வெள்ளைவால் மானைப் பற்றி. அதுவும் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்துக் குளிரில். இந்தியாவில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதைக் கதையாக மட்டும் படிக்கவும்.

படி 1: காகித வேலை

மினசோட்டாவில் 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர்கள் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் இருந்தால்தான் துப்பாக்கி வேட்டைக்கு உரிமம் வாங்க முடியும். விஸ்கான்சினில் அந்தக் கோடு 1973 ஜனவரி 1. வயதைக் காட்டித் தப்பிக்க முடிந்தாலும் பயிற்சிக்குப் போய்விடுங்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வேலை விசா, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு ஒரு விலக்கு. நண்பரின் துப்பாக்கியை ஒரு நிமிடம் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வில்லோடு போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மினசோட்டாவில் நன்றி கூறும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்கி 16 நாட்கள், குழலின் முன்வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கான காலம். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் நாகரிகமான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் வேட்டை என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த நாட்களைத்தான். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரை சுடலாம். தொப்பியும் இடுப்புக்கு மேலே தெரியும் மேலுடையும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பில் இருக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: உடுப்பு, அதாவது வியர்வையோடு போராட்டம்

என் முதல் டிசம்பர் வேட்டையில் இருந்த துணியையெல்லாம் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். முழங்கால் ஆழப் பனியில் ஒரு கிலோமீட்டர் நடந்தேன். இடத்தை அடைந்தபோது முதுகில் வியர்வை ஓடியது. 'இவ்வளவுதானா குளிர்' என்று சிரித்துக்கொண்டேன். நாற்பது நிமிடத்தில் அந்த வியர்வை குளிர்ந்தது. பல் கிட்டியது. பிளாஸ்கின் மூடியைத் திருகப் பார்த்தேன், விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. தேநீரைக் குடிக்காமலே வீடு திரும்பினேன்.

ஆகவே, நடக்கும்போது சற்றுக் குளிர வேண்டும். உடலோடு ஒட்டிய மெல்லிய மெரினோ கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஒரு நடுத்தரச் சட்டை, மேலே ஆரஞ்சு மேல்சட்டை. இதோடு மெதுவாக, பாதி வேகத்தில் நடங்கள். கனமான கோட்டும் காற்சட்டையும் முதுகுப் பைக்கு வெளியே கட்டப்பட்டிருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் ஐந்து நிமிடம் நின்று சூடு ஆறவிட்டு, ஈரமான உள்சட்டையை மாற்றி, பிறகு கோட்டைப் போடுங்கள். மைனஸ் 15-இல் சட்டையைக் கழற்றுவது கொடுமைதான். அரை நிமிடக் கொடுமை.

பருத்தி வேண்டவே வேண்டாம். பனியன், ஜீன்ஸ், பருத்திக் காலுறை மூன்றும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நமக்குப் பருத்தி ஊறிப்போன பழக்கம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கால் விறைப்பதற்கு பெரும்பாலும் இறுக்கம்தான் காரணம். இரண்டு காலுறை போட்டு பூட்ஸுக்குள் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சீக்கிரம் விறைக்கும். ஒரு அளவு பெரிய, கம்பளி உள்ளுறை வைத்த பூட்ஸ் வாங்குங்கள். கை சூடேற்றும் பைகளில் இருப்பது இரும்புத் தூள். காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும்போது வெப்பம் தருகிறது. காற்றே புகாத பூட்ஸுக்குள் போட்டுவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று அதைத் திட்டுவதில் பயனில்லை. இன்னொன்று, உட்காரும் இடத்தில் மட்டுமல்லாமல் பாதத்துக்கு அடியிலும் ஒரு துண்டு நுரைப்பாய் போடுங்கள். இருநூறு டாலர் பூட்ஸ் செய்யாததை அந்தத் துண்டு செய்யும்.

படி 3: மான் எங்கே இருக்கும்?

குளிர் நமக்குத்தான் வில்லங்கம். மானின் குளிர்கால மயிர் உள்ளே காற்று அடைத்தது. அடியில் மெல்லிய கம்பளி போன்ற இன்னொரு அடுக்கு உண்டு. ஒருமுறை இருபது அடி தூரத்தில் ஒரு பிணைமான் படுத்திருப்பதைப் பார்த்தேன். முதுகில் இரண்டு விரற்கடைப் பனி உருகாமல் உட்கார்ந்திருந்தது. உடம்பின் சூடு வெளியே கசியவே இல்லை. கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. இங்கே நான் மூக்கொழுக நடுங்கிக்கொண்டிருந்தேன்.

குளிர்காலத்தில் மான் தன் சக்தியைக் கஞ்சன் காசைச் செலவழிப்பதுபோல் செலவழிக்கும். அதிகம் நடக்காது. நவம்பரில் பிணைமான்களைத் துரத்திக் களைத்த கலைமான்கள் (ஆண்மான்கள்) உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இழந்திருக்கும். அவற்றுக்கு இப்போது தீனியும் ஓய்வும்தான் வேண்டும். எனவே இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, காற்றுத் தாக்காத படுக்கை: அடர்ந்த ஊசியிலைக் காடு, வெள்ளைச் செடார் நிற்கும் சதுப்பு, வெயில் விழும் தெற்குச் சரிவு. இரண்டாவது, தீனி: அறுக்காமல் விட்ட சோளம், சோயா வயல், பனிக்கடியில் கிடக்கும் ஓக் கொட்டை. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒற்றையடித் தடம்தான் உங்கள் இடம்.

தடம் புதிதா பழையதா என்று அறிய அதன் விளிம்பை விரலால் தள்ளிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சற்று முன் போயிருக்கிறது. கெட்டியாக இருந்தால் பழசு. புழுக்கையும் அப்படியே. கல்லாக உறைந்திருந்தால் அதன் சொந்தக்காரர் எப்போதோ போய்விட்டார்.

பெரும் பனிப்புயலுக்கு முந்தைய மணிநேரங்களும், புயல் ஓய்ந்த முதல் மாலையும் என் அனுபவத்தில் பொன்னானவை. பசித்த மான் வெளிச்சத்திலேயே வயலுக்கு வந்துவிடுகிறது.

படி 4: எப்போது, எந்தப் பக்கமாக நுழைவது

புதியவர்கள் காலையை விட்டுவிட்டு மாலையைப் பிடியுங்கள். இருட்டில் வயலோரம் நடந்தால் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும் மான்களைக் கலைத்துவிடுவீர்கள். கடுங்குளிரில் பனி நறநறவென்று காலடியை ஊருக்கே அறிவிக்கும். மதியம் ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்தால் மான்கள் படுக்கையில் இருக்கும்.

காற்று மானிடமிருந்து உங்களை நோக்கி வீச வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்தது. பலர் மறப்பது, வெயில் சாய்ந்ததும் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் என்பதை. அந்தச் சரிவில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுமோ, உங்கள் வாடை அந்தப் பக்கம் ஓடும். மேட்டில் உட்கார்ந்து கீழே வயலைப் பார்ப்பது அழகான காட்சி. மாலை நாலரை மணிக்கு எல்லா மான்களும் ஒரே நேரத்தில் தலை தூக்குவதையும் அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

குறுக்குவழி என்று உறைந்த ஏரியில் இறங்காதீர்கள். நடக்கக் குறைந்தது நான்கு அங்குலத் தெளிந்த பனிக்கட்டி வேண்டும். மேலே பனி மூடியிருந்தால் அடியில் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது.

படி 5: துப்பாக்கி

ஒரு ரைபிள் காலத்தின் கடைசி நாள். இரவில் துப்பாக்கியை அடுப்பங்கரைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். காலையில் வெளியே எடுத்துப் போய்விட்டு, நடுவில் சூடான காரில் அரை மணி வைத்து, மறுபடி வெளியே வந்தேன். கொம்புக் கிளை எட்டு உள்ள கலைமான் எழுபது அடியில் வந்து நின்றது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கண் வைத்தால் வெண்மேகம். காரில் படிந்த ஈரம் வெளியே உறைந்திருந்தது. துடைக்கக் கையை எடுத்தேன். மான் போய்விட்டது.

எனவே மருந்தும் தோட்டாவும் நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய, சூடில்லாத இடத்தில் இரவில் வையுங்கள். வீட்டுக்குள் கொண்டுவர நேர்ந்தால் உறையைத் திறக்காமல் சில மணி நேரம் விடுங்கள். ஸ்கோப்புக்கு அருகில் மூச்சு விடாதீர்கள். வழக்கமான எண்ணெய் குளிரில் தேன்போல் கெட்டியாகி, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் அடிமுள்ளை மந்தமாக்கும். நன்றாகத் துடைத்துவிட்டு மிக மெல்லிய பூச்சு மட்டும் போதும். குழல் வாயில் ஒரு துண்டு மின்காப்பு நாடா ஒட்டினால் பனி உள்ளே போகாது.

கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டே பயிற்சிக் களத்தில் சுட்டுப் பாருங்கள். தடித்த கோட்டால் துப்பாக்கி முன்னே தள்ளப்பட்டு, ஸ்கோப்பின் காட்சி ஓரத்தில் கறுத்துவிடும். தடித்த கையுறை விரலை விசைக்குள் விடுவது ஆபத்து. விரல் பகுதி மடங்கித் திறக்கும் கையுறை வாங்குங்கள்.

படி 6: பரணா, தரையா?

முதல் ஆண்டு தரைதான் என்பது என் கருத்து. சிறிய மறைப்புக் கூடாரம் காற்றைத் தடுக்கிறது, கையை அசைத்தாலும் வெளியே தெரியாது. மரப்பரண் உயரத்தில் காற்று அறைகிறது, ஏணிப் படியில் பனிக்கட்டி படிகிறது. ஏறியே தீர வேண்டுமானால் தரையை விட்டுக் கால் எடுத்த நொடியிலிருந்து திரும்ப இறங்கும்வரை உடல் முழுவதும் பிடிக்கும் பாதுகாப்பு வார் மரத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியைக் கையில் பிடித்து ஏறாதீர்கள். வெறுமையாக்கி, கயிறு கட்டி, பிறகு மேலே இழுங்கள்.

படி 7: உட்காருதல், எழுந்து போதல்

பிளாஸ்கில் சுக்குக் காப்பி, பையில் கடலை மிட்டாய். சாக்லேட் இந்தக் குளிரில் பல்லைப் பெயர்க்கும். கடலை மிட்டாய் எப்போதும் அப்படித்தான் என்பதால் ஏமாற்றம் இல்லை. தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி மூடியை அடைக்காது. மது வேண்டாம். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியேறும். கைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள், பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும். எங்கே இருப்பீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

மைனஸ் 18-இல் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 28. மூடாத தோல் அரை மணியில் பனிக்கடிக்கு ஆளாகலாம். நடுக்கம் அடங்காமல் போவது, பேச்சுக் குழறுவது, விரல் தடுமாறுவது ஆகியவை உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே சரிவதன் அறிகுறிகள். அப்போது மான் எதிரே நின்றாலும் வீட்டுக்குப் போங்கள்.

1940 நவம்பர் 11 அன்று காலை மினசோட்டாவில் இளவெயில். வாத்து வேட்டைக்காரர்கள் மெல்லிய சட்டையோடு மிசிசிப்பி ஆற்றுத் திட்டுகளுக்குப் போனார்கள். மதியத்துக்குள் காற்று திரும்பி, மழை பனிப்புயலாகி, ஆறு கொந்தளித்தது. மத்திய மேற்குப் பகுதி முழுவதிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் திட்டுகளிலேயே உறைந்துபோன அந்த வேட்டைக்காரர்கள். வானிலை அறிக்கையைப் புறப்படும்போது மட்டுமல்ல, மதியமும் பாருங்கள்.

படி 8: சுட்டபின்

பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பகுதியில். வேறு கோணத்தில் புதியவர் சுட வேண்டாம். சுட்டதும் மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த மரத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு அரை மணி அசையாமல் இருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரலைச் சொல்கிறது, அருகிலேயே கிடக்கும். கறுஞ்சிவப்பு என்றால் ஈரல். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை கலந்து நாறினால் குடல். இன்னும் நீண்ட காத்திருப்பு. குளிரில் இறைச்சி சீக்கிரம் கெடாது. ஆனால் கொட்டும் பனி தடத்தை மூடிவிடும், வடக்கே ஓநாய்களும் உண்டு. அதனால் அடர்ந்த பனி பெய்யும் மாலையின் கடைசி நிமிடங்களில், மிக அருகில் இல்லாவிட்டால் நான் சுடுவதில்லை.

மானுக்கான அடையாளச் சீட்டை விதிப்படி எழுதிவிட்டு வயிற்றைத் திறங்கள். மெல்லிய ரப்பர் கையுறை போட்டிருந்தால் கை நனையாது. உள்ளே இருக்கும் சூட்டில் விரல்கள் உயிர்பெறும். இதைச் சொன்னால் சைவ நண்பர்கள் என்னோடு பேசுவதில்லை. குழந்தைகள் சறுக்கும் பிளாஸ்டிக் பனிச்சறுக்குத் தட்டில் கட்டி இழுங்கள். அப்போதும் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான்.

விஸ்கான்சின் காட்டு மான்களில் 2002-இல் கண்டறியப்பட்ட, மானின் உடலை உருக்கி மெலியவைத்துக் கொல்லும் நோய் (Chronic Wasting Disease) இப்போது மினசோட்டாவிலும் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே நலத்துறையின் அறிவுரை. நிணநீர்க் கட்டியின் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை இறைச்சி தனிப் பையில், தேதி எழுதி, உறைபெட்டியின் அடித்தட்டில். சென்ற முறை எனக்கு அது வரும்வரை மிளகை வறுத்து அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.