பட்டாளத்திலிருந்து வந்தபின் பட்டப்படிப்பு: பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

17 வருஷ சர்வீஸ் முடித்து ஊருக்கு வந்தபோது எனக்கு வயது 36. டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகமும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் இருந்தன. இன்று பி.ஏ. பட்டமும் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வருஷம் வீணாய்ப் போனது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

படி 1: பட்டம் எதற்கு?

மத்திய அரசின் குரூப் 'சி' வேலைதான் குறி என்றால் கொஞ்சம் பொறுங்கள். பத்தாம் வகுப்பும் 15 வருஷ சர்வீஸும் இருந்தால், முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கிய, தொழில்நுட்ப அனுபவம் கேட்காத பணிகளுக்குப் பட்டம் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தச் சலுகை வேலைக்கு மட்டும்தான். அதை நம்பி எம்.ஏ. சேரத் திட்டம் போடாதீர்கள். வக்கீலாக ஆசையா? மூன்று வருஷ எல்.எல்.பி.க்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும், சட்டக் கல்லூரிக்கு நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். பொறியியலும் நர்சிங்கும் தொலைநிலையில், அதாவது வீட்டிலிருந்தபடியே படிக்கும் முறையில், கிடையாது.

படி 2: பிளஸ் டூ இருக்கிறதா?

நம்மில் பலர் பத்தாவது முடித்த கையோடு பட்டாள ஆள்சேர்ப்பு ரேலிக்குப் போனவர்கள். டி.என்.பி.எஸ்.சி. பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசையையும் பார்க்கிறது. பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டம் அங்கே செல்லாது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவதை முடித்துவிட்டு அப்புறம் பட்டத்துக்குப் போங்கள். ஒரு வருஷம் கூடுதலாகும்தான், ஆனாலும் இதில் குறுக்கு வழி வேண்டாம்.

படி 3: எந்தப் பல்கலைக்கழகம்?

குடும்பமும் வேலையும் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு: 1985-ல் தொடங்கிய இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தமிழில் படித்து, தமிழில் எழுத வேண்டும் என்றால் இரண்டாவது. இன்னும் சர்வீஸில் இருக்கிறீர்களா? ராணுவத்துக்கும் கடற்படைக்கும் இக்னோவுக்குத் தனி மண்டல மையங்கள் உண்டு, யூனிட்டில் விசாரியுங்கள். இக்னோவில் மூன்று வருஷ பி.ஏ.வை ஆறு வருஷம் வரை இழுத்து முடிக்கலாம். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு அசைன்மென்ட்டுகளைக் கையால் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அவகாசம் பெரிய விஷயம்.

படி 4: அங்கீகாரத்தை நீங்களே பாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாடியில் ஒரு ஸ்டடி சென்டர், வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர்ப்பலகை. "எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு ஃபீஸில் தள்ளுபடி சார்" என்றார்கள், கட்டினேன். ஒரு மாநிலப் பல்கலைக்கழகமோ தனியார் பல்கலைக்கழகமோ தன் மாநில எல்லையைத் தாண்டித் தொலைநிலை மையம் நடத்தக்கூடாது என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. அது எனக்குத் தெரியவந்தபோது வருஷம் ஓடிவிட்டது.

யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பும், சேரும் ஆண்டும் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். சேருவதற்கு 'டெப் ஐடி' என்ற மாணவர் அடையாள எண் கேட்பார்கள், அதையும் அதே தளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: பெயர், பிறந்த தேதி

பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், ஆதாரில் வேறொரு ஸ்பெல்லிங். மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சர்வீஸ் ரெக்கார்டில் தப்பு என்றால் யூனிட்டில் இருக்கும்போதே பார்ட் 2 ஆர்டர் (சர்வீஸ் விவர மாற்றத்தைப் பதியும் யூனிட் உத்தரவு) போட்டுத் திருத்திவிடுங்கள். வெளியே வந்தபின் ரெக்கார்டு ஆபீஸுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டு அலைய வேண்டிவரும்.

படி 6: பணமும் ஞாயிற்றுக்கிழமையும்

பிரதமர் உதவித்தொகைத் திட்டம் நம் பிள்ளைகளுக்கும், மறைந்த வீரர்களின் மனைவிமாருக்கும்தான், நமக்கில்லை. நமக்கு என்ன உண்டு என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

கட்டணம் கட்டும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிப்பு மையத்துக்கே போய்ப் பாருங்கள். வகுப்பு நடக்கிறதா, தேர்வு எந்த ஊரில் வைப்பார்கள் என்று அங்கே படிப்பவர் ஒருவரிடம் கேளுங்கள். நான் போன அன்று மர நிழலில் புத்தகத்தோடு இருந்தவர் ஓய்வுபெற்ற சுபேதார். பக்கத்தில் இடம் விட்டு, "வாங்க தம்பி, உட்காருங்க" என்றார்.